கர்ப்பிணிக்கென ஒரு நாற்காலி

பிரெஞ்சு தேசம் உலகத்துக்குச் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றைக் கொடுத்தது. நான்காவதாகக் 'கர்ப்பிணி நலம்' என்ற ஒன்றைக் கொடுத்த பெருமை எங்கள் புதுச்சேரியைச் சேரும். இன்னும் திட்டமாகச் சொன்னால், வாய்க்காலுக்கு மேற்கே, முசியே அலெக்சாண்டர் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அது கொடுக்கப்பட்டது. சரித்திரம் எழுதுகிறவர்கள் கோட்டையையும் கப்பலையும் பற்றி எழுதிவிட்டு இதை விட்டுவிடுவார்கள். ஆகவே, 'புதுவைக் கர்ப்பிணிகள் ஆரோக்கிய பரிபாலன சங்க'த்தின் காரியதரிசி என்ற முறையில் நானே பேனாவை எடுக்கும்படி ஆயிற்று.

சங்கத்தின் தலைவர் அலெக்சாண்டர், சைகோன் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்சியோன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். அங்கே அவர் பார்த்த வேலை குதிரைகளுக்குக் கொள்ளு அளப்பது. சினைக் குதிரைக்கு எவ்வளவு தீனி, எத்தனை மாதம் வரை சவாரி என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? தலைவர் பதவிக்கு வேறு யார் பெயரையும் ஒருவரும் சொல்லவில்லை.

உபதலைவர் கிருஷ்ணசாமி வைத்தியர். பரம சைவர். ஆனால் பொதுநலம் என்று வந்துவிட்டால் ஆட்டு ஈரலைக்கூடச் சாப்பிடத் தயங்காத தியாகி. சட்ட ஆலோசகர் தெய்வசிகாமணி, நொத்தேர் ஆபீசில் பத்திரம் எழுதுகிறவர். எவ்வளவு நியாயமான பேச்சையும் "அது ஷரத்துல இல்ல" என்ற ஒரே சொல்லால் நிறுத்திவிடுவார். அடியேன் பள்ளிக்கூட வாத்தியார், கல்யாணம் ஆகாதவன். கர்ப்பிணிகள் விஷயத்தில் விருப்பு வெறுப்பு இல்லாமல் நடந்துகொள்ள என்னைவிடத் தக்க ஆள் யார்?

சங்கத்தில் பெண்கள் இல்லை. அந்த யோசனை வராமல் இல்லை. வந்தது. "நோயாளிய எந்த ஊர்லயாவது வைத்திய சபையில சேத்துக்குவாங்களா?" என்று வைத்தியர் கேட்டார். யோசனை போய்விட்டது.

பெண்கள் இல்லாத குறையைத் தீர்க்க ஒரு நாற்காலி போட்டோம். சைகோனிலிருந்து தலைவர் கொண்டுவந்த கருங்காலி மர நாற்காலி, சிவப்பு வெல்வெட்டு மெத்தை வைத்தது. அது 'கர்ப்பிணியின் நாற்காலி'. கூட்டத்துக்குக் கூட்டம் அதற்கு ஒரு மல்லிகை மாலை போட்டு, எழுந்து நின்று, ஒரு நிமிஷம் மௌனமாகக் கர்ப்பிணிகளை நினைத்துக்கொள்வோம். அப்புறம் நாங்கள் நால்வரும் உட்காருவோம். அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் அதன் மரியாதை கெட்டுவிடும்.

சங்கத்தின் முக்கியமான வேலை கர்ப்பிணிகளுக்கு ஏற்ற ஆகாரத்தைக் கண்டுபிடிப்பது. முருங்கைக்கீரை, பிஞ்சுக் கத்திரிக்காய், சுறாப்புட்டு, ஈரல் வறுவல், கோழி சூப்பு, முட்டை, மாதுளை, பசும்பால் என்று வைத்தியர் ஒரு பட்டியல் போட்டார். இவை உண்மையில் உடம்புக்கு நல்லதுதானா என்பதை யாரை வைத்துச் சோதிப்பது? கர்ப்பிணிகளை வைத்துச் சோதிப்பது இரக்கமற்ற செயல் அல்லவா? ஆகவே நாங்களே சாப்பிட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். ஞாயிறு தவறாமல் சோதித்தோம். ஒருமுறை சோதித்ததில் திருப்தி இல்லாவிட்டால் இரண்டாம் முறையும் வாங்கிப் போட்டுக்கொண்டோம். மூன்று வருஷத்தில் எங்கள் நால்வரில் ஒருவருக்கும் கர்ப்ப சம்பந்தமான கோளாறு எதுவும் வரவில்லை என்பதே அந்த ஆகாரத்தின் சிறப்புக்குச் சான்று.

அதையெல்லாம் சமைத்தது தலைவரின் மனைவி பெர்னதெத்.

மதாம் பெர்னதெத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சங்கம் பிறந்ததற்கு அவரே காரணம். கல்யாணமாகி வெகு காலம் கழித்து அவர் உண்டானபோதுதான் தலைவர் இந்தச் சங்கத்தையே தொடங்கினார். தொடக்க விழாவுக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்தார்கள். விருந்து பிரமாதம். இரண்டு நாள் அடுப்படியிலேயே நின்றார் மதாம். விழா முடிந்த மறுநாள் குழந்தை போயிற்று. ஏழாம் மாதம். அடுத்த வருஷம் மறுபடி உண்டானார். சங்கத்தின் ஆண்டு விழாவும் வந்தது. அந்தக் குழந்தையும் ஏழாம் மாதம்தான் போயிற்று. கல்லறைத் தோட்டத்து மதில் ஓரமாக இரண்டு சின்ன மேடுகள் இருக்கின்றன. இரண்டு தடவையும் அலெக்சாண்டர் தேம்பி அழுததை நான் பார்த்தேன். அது நிஜமான அழுகை. அழுது முடித்ததும், "இனிமே இந்தச் சங்கத்த இன்னும் பலமா நடத்தணும் வாத்தியாரே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பலமாக நடத்தினோம். 1935-ஆம் வருஷம் மதாம் மூன்றாம் முறை உண்டானார்.

அந்த வீட்டில் சமையலுக்கு ஒத்தாசையாக அஞ்சலாட்சி என்று ஒருத்தி இருந்தாள். உழவர்கரையிலிருந்து நடந்து வருவாள். அவள் புருஷனுக்குக் கூலி வேலை, கிடைத்தால் உண்டு. மதாம் உண்டான அதே சமயத்தில் அவளும் உண்டானாள். இது தெரிந்ததும் சங்கம் சும்மா இருக்குமா? 'வேலை செய்யும் கர்ப்பிணிகளை அடுப்புப் புகையில் நிறுத்தலாகாது' என்று சங்க விதிகளில் நான்காம் ஷரத்து இருக்கிறது. எங்கள் கண் முன்னாலேயே ஷரத்து மீறப்படுவதைப் பொறுக்க முடியாமல், அவளைக் கூப்பிட்டு வேலையிலிருந்து நிறுத்தினோம். கர்ப்பிணி ஒருத்திக்குச் சங்கம் நேரடியாகச் செய்த முதல் உதவி இதுதான்.

அவளுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை.

"பொகையில நிக்கக் கூடாதுங்கறீங்க, சரிதாங்கய்யா," என்றாள். "வேலைய வுட்டு நிறுத்திட்டீங்கன்னா எங்க வூட்டு அடுப்புல பொகையே வராதே?"

தெய்வசிகாமணி மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா, புகையில்லாத அடுப்பு! சங்கத்தோட நோக்கமே அதானே!"

அவள் போன பிறகு அவள் வேலையும் மதாம் தலையில் விழுந்தது. இரைக்கிற தண்ணீர், அரைக்கிற அம்மி, ஊதுகிற அடுப்பு எல்லாம் அவருக்கே. எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. வாய் சும்மா இருக்காதே, கேட்டுவிட்டேன்.

"மதாமும் அதே அடுப்புலதானே நிக்கறாங்க? அதே புகைதானே?"

தெய்வசிகாமணி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "வாத்தியாரே, ஷரத்துல என்னா போட்டிருக்கு? 'வேலை செய்யும் கர்ப்பிணிகள்'னு போட்டிருக்கு. மதாம் வேலையா செய்றாங்க? சமைக்கத்தானே செய்றாங்க!"

சட்டம் படித்தவர்கள் இல்லாவிட்டால் நாடு என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயத்தையும் விளக்கிவிடுகிறேன். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு பெண்கள் சாப்பிடுவது நம்முடைய வழக்கம். இதில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்ற பேதம் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில்தான் எல்லா வேதமும் ஒன்றாக இருக்கிறது. நாங்கள் சோதித்து முடித்ததில் மிச்சம் இருப்பது மதாமுக்கு. மிச்சம் இருப்பதில்லை என்பது எங்கள் சோதனை எவ்வளவு முழுமையானது என்பதைக் காட்டுகிறது. மதாம் சட்டியை வழித்துப் பழைய சோற்றில் போட்டுச் சாப்பிடுவார்.

மதாமுக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் நான் தலைவரோடு கூடத்தில் இருந்தபோது மதாம் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"ஏங்க, காலு பாருங்க, அமுக்குனா குழி வுழுது. படுத்தே இருக்கணுமாம். வயித்துக்குச் சரியா சாப்புடணுமாம். இல்லன்னா இதுவும் தங்காதுன்னு சொல்லிட்டுப் போறா. இந்த ஞாயித்துக்கெழம கூட்டத்த ஒத்திப்போட்டா என்னா?"

தலைவர் திடுக்கிட்டார். "ஒத்திப்போடறதா? அன்னிக்கு நான் எதப் பத்திப் பேசப்போறேன்னு தெரியுமா உனக்கு?"

"எதப் பத்தி?"

"'கர்ப்பிணிக்கு ஓய்வு'. அத எப்பிடி ஒத்திப்போட முடியும்?"

மதாம் திரும்பி அடுப்படிக்குப் போனார். அவர் முகத்தில் இருந்தது பயம். அது எனக்கே தெரிந்தது.

ஒத்திப்போட முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த ஞாயிறு சுகாதார இலாகாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை சங்கத்தைப் பார்வையிட வருகிறார். அவர் மனசு வைத்தால் ஜூலை பதினாலாம் தேதிப் பிரெஞ்சுத் திருநாளில் தலைவருக்கு ஒரு மெதாய் கிடைக்கும். சைகோனில் இத்தனை வருஷம் கொள்ளு அளந்தும் அந்தப் பதக்கம் அவர் சட்டையில் ஏறவில்லை. சட்டையில் அதற்கான இடத்தை மட்டும் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வார். 'மாதிரிக் கர்ப்பிணி விருந்து' ஒன்றைத் துரைக்குப் படைத்து, சங்கம் கண்டுபிடித்த ஆகாரம் முழுவதையும் அவரே சாப்பிட்டு அறியும்படி செய்வது ஏற்பாடு.

ஞாயிறும் வந்தது. நல்ல அக்னி நட்சத்திர வெயில். துரை, ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் வந்து இறங்கினார். சிவந்த முகம், வெள்ளைத் தொப்பி, தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கருங்காலி நாற்காலிக்கு மாலை போட்டிருந்தது. நாங்கள் எழுந்து நின்று மௌனமாகக் கர்ப்பிணிகளை நினைத்துக்கொண்டோம். அடுப்படியில் யாரோ இருமினார்கள். மௌனத்துக்கு அது கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது.

பிறகு தலைவர் பேச எழுந்தார். முதலில் தமிழில் ஒரு வாக்கியம், அதையே பிரெஞ்சில் மறுபடியும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மதாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கோழி சூப்பு வந்தது. சுறாப்புட்டு வந்தது. ஈரல் வறுவல் வந்தபோது வைத்தியர் கண்ணை மூடி ஒரு தேவாரத்தை முணுமுணுத்தார். கடைசியாகக் கீரையை வைத்துவிட்டு, மதாம் உள்ளே போகாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

தலைவர் அப்போது பேச்சின் உச்சியில் இருந்தார். "நண்பர்களே! கர்ப்பிணி நிற்கலாகாது! கர்ப்பிணி பசித்திருக்கலாகாது! வீட்டில் உள்ள எல்லோருக்கும் முன்னால் கர்ப்பிணி உண்ண வேண்டும்!"

அதைப் பிரெஞ்சிலும் சொன்னார்.

பெர்னதெத் ஒரு நிமிஷம் தம் புருஷனைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு நாலெட்டு நடந்து, கருங்காலி நாற்காலியிலிருந்து மாலையைக் கழற்றி அதன் முதுகில் மாட்டிவிட்டு, அதில் உட்கார்ந்தார். துரைக்கென்று வைத்த தட்டைத் தம் பக்கம் இழுத்து, ஈரல் வறுவலில் பாதியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தெய்வசிகாமணி குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "மதாம்! எழுந்திரிங்க! அது கர்ப்பிணியோட நாற்காலி!"

பெர்னதெத் தம் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அப்பிடிங்களா? ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

வைத்தியர் தம் பங்குக்கு, "தலைவர் இன்னும் பேசி முடிக்கலியேம்மா," என்றார்.

"பேசட்டும். நல்லாத்தான் பேசறாரு. கர்ப்பிணி மொதல்ல சாப்புடணும்னாரு. சாப்புடறேன்." பெர்னதெத் அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அஞ்சலாட்சி! அம்மி கெடக்கட்டும். கையக் கழுவிக்கினு இப்பிடி வா!"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட அஞ்சலாட்சியை மதாம் எங்களுக்குத் தெரியாமல் கொல்லைப்புற வழியாக வரவழைத்திருக்கிறார்! அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் வயிறு முன்னால் நின்றது, முகம் மட்டும் வற்றிப்போயிருந்தது. மேசையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"உக்காரு," என்றார் மதாம்.

"எங்கம்மா உக்கார்றது? எல்லா நாக்காலியிலயும் ஆளு இருக்குது."

"ஐயாவோடது காலியாத்தான் இருக்கு. அவரு பேச ஆரம்பிச்சா சீக்கிரத்துல உக்கார மாட்டாரு. நீ உக்காரு."

அஞ்சலாட்சி உட்கார்ந்தாள். வைத்தியர் தம் நாற்காலியை அவளிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். சமத்துவத்துக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டுமல்லவா?

தலைவரின் முகத்தில் ரத்தம் ஏறியது. கை மேலே எழும்பியது. அந்தக் கை எங்கே போய் இறங்கியிருக்குமோ தெரியாது. அதற்குள் துரை எழுந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்துப் பலமாகத் தட்டினார்.

"பிராவோ! பிராவோ, முசியே அலெக்சாண்டர்!"

துரை பிரெஞ்சில் பொழிந்து தள்ளினார். அவர் காரைக்கால், மாஹே எல்லாம் போய்ப் பார்த்தவராம். எல்லா ஊரிலும் சுவரில் படம் மாட்டி வைத்துக்கொண்டு பிரசங்கம்தான் செய்கிறார்களாம். உண்மையான கர்ப்பிணியை உட்கார வைத்து, உண்மையான சாப்பாட்டைப் போட்டு, பணக்காரி ஏழை என்று பாராமல் ஒரே மேசையில் காட்டியது இந்த ஊர்தானாம். அதிலும் தலைவர் தம் நாற்காலியை ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருப்பது தம் கண்ணில் நீரை வரவழைத்துவிட்டதாம்.

தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைவர் அப்படியே நெற்றிக்குக் கொண்டுபோய்ப் பட்டாளத்து சலாம் ஒன்று வைத்தார்.

"இவர்கள்தான் எப்போதும் முதலில் சாப்பிடுகிறார்களா?" என்று துரை கேட்டார். "நீங்கள் காத்திருப்பீர்களா?"

தலைவர் ஆமாம் என்று தலையாட்டினார். "வீ, முசியே. எப்போதும்."

"அப்படியானால் நானும் காத்திருக்கிறேன்," என்று துரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

துரையே கையைக் கட்டினால் நாங்கள் என்ன செய்வது? கட்டினோம். எங்கள் கண் எதிரே சூப்பு போயிற்று. சுறாப்புட்டு போயிற்று. அஞ்சலாட்சி முதலில் கூச்சத்தோடு சாப்பிட்டாள். அப்புறம் கூச்சத்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டாள். நடுவில் ஒருதரம் நிமிர்ந்து வைத்தியரைப் பார்த்து, "ஐயா, இந்த ஈரலு கர்ப்பிணிக்கு நல்லதுதாங்களா?" என்று கேட்டாள். வைத்தியர் அந்தத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ரொம்ப நல்லது," என்றார். அவர் குரலில் அவ்வளவு துக்கத்தை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

மிஞ்சியது ரொட்டியும் எலுமிச்சை ஊறுகாயும். துரை அதையும் புகழ்ந்து சாப்பிட்டார். வண்டி ஏறும்போது தலைவரின் தோளைத் தட்டி, "இனி சொல்லாமல் வருவேன், ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை. இந்தக் காட்சியை மறுபடியும் பார்க்க வேண்டும்," என்றார்.

வண்டி மறைந்ததும் தலைவர் உள்ளே பாய்ந்தார். "எம் மானத்த வாங்கிட்டியேடி!"

பெர்னதெத் எழுந்திருக்கவில்லை. அந்த வெல்வெட்டு மெத்தையில் சாய்ந்தபடியே கேட்டார்: "மெதாய் வேணுமா, வேணாமா?"

தலைவர் சட்டையின் அந்த இடத்தைத் தடவினார்.

அதிலிருந்துதான் சங்கத்தின் பொற்காலம் தொடங்கியது. துரை எந்த ஞாயிறு வருவார் என்று தெரியாததால் ஒவ்வொரு ஞாயிறும் வருவார் என்று வைத்துக்கொண்டோம். ஞாயிறு மட்டும் வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று தெய்வசிகாமணி கேட்டார். அவர் கேட்டதும் சரிதான். ஆகவே மற்ற நாட்களிலும் கர்ப்பிணிகள் முதலில் சாப்பிட்டார்கள். அஞ்சலாட்சியை மறுபடி வேலைக்கு வைத்தோம், சம்பளத்தோடு, உட்கார்ந்து செய்கிற வேலையாக. பகலில் மதாம் படுத்திருக்க வேண்டியதாயிற்று. துரை திடீரென்று உள்ளே வந்து ஓய்வைக் காட்டு என்றால் எதைக் காட்டுவது? கர்ப்பிணி தண்ணீர் இழுப்பதைத் துரை பார்த்துவிட்டால் கதை கந்தல் என்பதால், தலைவரே கிணற்றடிக்குப் போனார். அவர் பட்டாளத்து நடையில் குடத்தைத் தூக்கி வருவதைக் கண்டு அஞ்சலாட்சி, "பாத்துங்கய்யா, சிந்தாம எடுத்தாங்க. தொர வழுக்கி வுழுந்துடப் போறாரு," என்பாள்.

தெருவில் சக்கரச் சத்தம் கேட்டால் போதும். தலைவர் ஜன்னலுக்கு ஓடுவார், நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவோம். பெரும்பாலும் அது பெரிய கடை மார்க்கெட்டுக்குப் போகிற கறிகாய் வண்டியாக இருக்கும்.

எங்களுக்கு இதனால் நேர்ந்த கஷ்டத்தைச் சொல்லி மாளாது. வைத்தியரின் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. தெய்வசிகாமணி கூட்டத்துக்கு வருமுன் தம் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரும் கேவலத்துக்கு இறங்கினார். நானும் ஹோட்டல் இட்டிலியில் காலம் தள்ளினேன். இவ்வளவு பட்டினியிலும் சங்கத்தை நாங்கள் கலைக்கவில்லை என்பதை வருங்கால சந்ததி மறக்கக் கூடாது.

மதாமின் கால் வீக்கம் வடிந்தது. ஏழாம் மாதம் கடந்தது. அன்றைக்கு அவர் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

ஜூலை பதினாலாம் தேதி கடற்கரையில் கொடிகளுக்கு நடுவில் தலைவருக்கு மெதாய் குத்தப்பட்டது. 'பிறர் உண்ணத் தாம் பசித்திருந்தவர்' என்று வாசித்தார்கள். அது அட்சர சுத்தமான உண்மை ஆகையால் எங்கள் நால்வர் கண்ணிலும் நீர் வந்தது.

ஆகஸ்ட் மாதம் மதாமுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். தலைவர் கதவுக்கு வெளியே மண்டியிட்டு அழுதார். அதுவும் நிஜ அழுகைதான். உழவர்கரையில் அஞ்சலாட்சிக்கு ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

இதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு செய்தி வந்தது. துரையைச் சைகோனுக்கு மாற்றிவிட்டார்கள். கப்பலும் ஏறிவிட்டார்.

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தெய்வசிகாமணி உடனே சட்ட நிலைமையை விளக்கினார். பிள்ளை பெற்றவள் கர்ப்பிணி அல்ல, ஆகையால் அஞ்சலாட்சி, மதாம் இருவரும் சங்கத்தின் பராமரிப்பிலிருந்து தாமாகவே நீங்கிவிட்டார்கள். அஞ்சலாட்சி கைக்குழந்தையோடு வேலைக்கு வந்தால் குழந்தைக்குப் புகை ஆகாது என்று அவளை மறுபடியும் நிறுத்தினோம். கருங்காலி நாற்காலி பழைய இடத்துக்குப் போயிற்று. புது மாலை போட்டோம். அடுத்த ஞாயிறு சங்கத்தின் சிறப்புக் கூட்டம், பிறகு சாப்பாடு. பொருள்: 'தலைவரின் குழந்தை பிழைத்ததற்கான காரணங்களை ஆராய்தல்'.

ஆராய்ந்தோம். தம்முடைய பட்டியலே காரணம் என்றார் வைத்தியர். நான்காம் ஷரத்து என்றார் தெய்வசிகாமணி. சினைக் குதிரை விஷயத்தில் தமக்கிருந்த அனுபவம் என்றார் தலைவர். நான் கடல் காற்று என்று எதையோ சொல்லிவைத்தேன். எல்லாவற்றையும் கூட்டி, குழந்தை பிழைத்ததற்குச் சங்கமே பொறுப்பு என்று முடிவுக்கு வந்துகொண்டிருந்தோம்.

அப்போது மதாம் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு தோளில் குழந்தை, மறு கையில் ஈரல் வறுவல். முழங்கை வரை கரி. எங்கள் பேச்சை வாசற்படியிலிருந்து கேட்டிருக்க வேண்டும். தட்டை வைத்தவர் கையை எடுக்கவில்லை.

"இவ பொழைச்சதுக்கு நீங்கதான் பொறுப்புங்கறீங்க. இருக்கட்டும். ஏத்துக்கறேன்," என்றார். சத்தம் போடவில்லை. "அப்போ கல்லறையில கெடக்குதே ரெண்டு, அதுக்கு யாரு பொறுப்பு? பதில் சொல்லிட்டு சாப்புடுங்க."

தலைவர் தம் மெதாயைப் பார்த்தார். வைத்தியர் ஈரலைப் பார்த்தார். தோளில் இருந்த குழந்தை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

"அது இன்னிக்குப் பொருள்ல இல்லியே," என்றார் தெய்வசிகாமணி மெதுவாக.

காரியதரிசி என்ற முறையில் அன்றைய நடவடிக்கையை நான் உள்ளது உள்ளபடி எழுதிவைத்தேன். தலைவரின் மூன்றாவது குழந்தை பிழைத்ததற்குச் சங்கமே பொறுப்பு என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, நேரம் இல்லாத காரணத்தால் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.